இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் நாளைய புதையலாகுமா?

கடந்த மாதம் டுபாயில் தொழில் செய்யும் எனது ராத்தாவின் மகன் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, நல்ல வியாபாரமொன்று வந்திருக்கு. உங்கட யோசனை வேணும்" என்றார்.

விடயம் இதுதான். ஐரோப்பியக் கம்பனியொன்று 500 மட்டுமே தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 9 இலட்சம் திர்ஹத்துக்கு விலைக்கு வந்திருக்கிறது. ஆறு வருடப் பழைய கார். நண்பர்கள் மூவர் ஆளுக்கு 3 இலட்சம் போட்டு அதை வாங்குவது, ஓட்டாமல் மூடி வைப்பது, பத்து வருடம் கழித்து இரண்டு மடங்குக்கு விற்பது என்பது திட்டம். மருமகனின் பங்கான 3 இலட்சமும் அவர் பன்னிரண்டு வருடம் உழைத்துச் சேர்த்தது. பேருவளையில் ஒரு கடை போடுவதற்கென்று வைத்திருந்த முதல் அது.

நான் மாணிக்கக்கல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். கார் எனது துறையல்ல. ஆனால், அரிய பொருளை வாங்கி வைத்திருந்து விற்பது எங்கள் பரம்பரைத் தொழில். எனவே, இரண்டு வாரம் அவகாசம் கேட்டு இவ்விடயத்தைத் தேடிப் படித்தேன். இன்று நமது இளைஞர்கள் பலரும் இவ்வாறான யோசனைகளோடு வருவதால், மருமகனுக்குச் சொன்னதை வாசகர்களோடும் பகிர்ந்து கொள்கின்றேன்.

ஆசை எங்கிருந்து வருகிறது?

இந்த ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெராரி கம்பனி 1962 முதல் 1964 வரை தயாரித்த 250 ஜிடிஓ என்ற கார் மொத்தம் 36 மட்டுமே. புதிதாக அதன் விலை சுமார் 18,000 டொலர். 1960களின் இறுதியில் அது ஓடித் தேய்ந்த பழைய பந்தயக் காராகச் சில ஆயிரம் டொலர்களுக்குக் கைமாறியது. அதே ரகக் கார் ஒன்று 2018 இல் அமெரிக்காவின் மொன்டரே ஏலத்தில் 48.4 மில்லியன் டொலருக்கு விலைபோனது. 2023 நவம்பரில் நியூயோர்க்கில் இன்னொன்று 51.7 மில்லியன் டொலருக்குச் சென்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1955 ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர் கூபே 2022 மே மாதத்தில் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 135 மில்லியன் யூரோவுக்கு ஏலம் போனது. உலகில் அவ்வாறான கார்கள் இரண்டே இரண்டு.

இவை பழைய கார்கள். அண்மைக் காலக் கார்களிலும் இவ்வாறு நடந்திருக்கிறது. பிரித்தானியாவின் மெக்லாரன் எப்1 1990களில் தயாரானது. பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் 106. புதிதாக அதன் விலை சுமார் 540,000 பவுண். வெறும் 390 கிலோமீற்றரளவே ஓடியிருந்த 1995 ஆம் ஆண்டுக் கார் ஒன்று 2021 ஓகஸ்டில் 20.4 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது.

இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு, "இன்று குறைவாகத் தயாரிக்கப்படும் கார் எதுவானாலும் நாளை தங்கமாகிவிடும்" என்று தோன்றுவது இயல்பே. ஆனால், நமது தொழிலில் ஒரு வழக்கமுண்டு. ஒரு வியாபாரி விற்ற நல்ல கல்லின் கதையைச் சந்தை முழுவதும் பேசும். அவரது பெட்டியில் இருபது வருடமாகக் கிடக்கும் கற்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கார் சந்தையிலும் பெட்டியில் கிடக்கும் கற்கள் ஏராளம்.

பெட்டியில் கிடக்கும் கற்கள்

முதலாவது உதாரணம் அமெரிக்காவிலிருந்து. 1978 இல் இன்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை முன்னின்று வழிநடத்திய காரின் நினைவாக, செவ்ரலே கம்பனி கறுப்பு வெள்ளி நிறத்தில் விசேட கொர்வெட் கார்களை வெளியிட்டது. இது நாளைய புதையல் என்று நாடே பேசியது. பட்டியல் விலை சுமார் 13,650 டொலராக இருக்க, அதைவிடப் பெருந்தொகை கொடுத்து மக்கள் வாங்கினார்கள். கம்பனியோ முகவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது கிடைக்கட்டும் என்று 6,502 கார்களைத் தயாரித்தது. வாங்கியவர்களில் பலர் ஆசனத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் பூட்டி வைத்தார்கள்.

நடந்தது என்ன? எல்லோரும் பாதுகாத்த பொருள் எப்படி அரிதாகும்? அன்றைய 13,650 டொலர் பணவீக்கப்படி இன்று 65,000 டொலருக்கும் மேல். ஆனால், ஓட்டாமல் பாதுகாத்த கார்கள்கூட பொதுவாக அந்தத் தொகைக்கு விற்பதில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் காத்திருந்ததற்குக் கிடைத்தது இதுதான்.

இரண்டாவது உதாரணம் ஜகுவார் எக்ஸ்ஜே220. இது 1988 இல் பேர்மிங்ஹாம் கண்காட்சியில் மாதிரிக் காராகக் காட்டப்பட்டது. அந்தக் காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் விலைகள் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்குவதற்கு முன்வந்தார்கள். முற்பணம் 50,000 பவுண். இவர்களில் பலருடைய நோக்கம் காரை ஓட்டுவதல்ல, கையில் கிடைத்த அன்றே இலாபத்துக்குக் கைமாற்றுவது. 1990 இல் சந்தை சரிந்தது. 1992 இல் கார் வெளிவந்தபோது, காட்டிய 12 சிலிண்டர் எஞ்சினுக்குப் பதிலாக 6 சிலிண்டர் எஞ்சின் இருந்தது. விலையோ 4 இலட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் தப்பித்துக்கொள்ள நீதிமன்றம் வரை சென்றார்கள். 350 தயாரிக்கத் திட்டமிட்ட கம்பனி சுமார் 280 உடன் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு நீண்ட காலம் அந்தக் கார் புதிய விலையின் ஒரு சிறு பங்குக்கே கைமாறியது.

ஆக, குறைவான எண்ணிக்கை மட்டும் போதாது. 280 கார் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால், அதை விரும்பியவர்கள் அந்நேரத்தில் அதைவிடச் சிலராகவே இருந்தார்கள்.

விலை ஏறும் காருக்குரிய நான்கு தன்மைகள்

எனது வாசிப்பிலிருந்து நான்கு விடயங்களைப் பிரித்தெடுக்க முடிந்தது.

முதலாவது, மீண்டும் தயாரிக்க முடியாததாக இருக்க வேண்டும். 2016 இல் போர்ஷே கம்பனி 911 ஆர் என்ற காரை 991 மட்டும் தயாரித்தது. அதன் சிறப்பு, கையால் கியர் மாற்றும் மெனுவல் கியர்பொக்ஸ். அந்த நேரத்தில் அதே கம்பனியின் ஜிடி3 கார் ஓட்டோ கியரில் மட்டுமே கிடைத்தது. எனவே, 185,000 டொலரளவு பட்டியல் விலையுள்ள 911 ஆர் காருக்குச் சில மாதங்களில் அதன் மூன்று, நான்கு மடங்கு கேட்டார்கள். 2017 இல் கம்பனி ஜிடி3 காரிலும் மெனுவல் கியரைக் கொண்டு வந்தது. 911 ஆரின் விலை இறங்கிவிட்டது. உச்ச விலைக்கு வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு நிகரான பாடமொன்று உண்டு. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இலங்கையிலிருந்து மலிவாக வாங்கிச் சென்ற பால்நிறக் 'கெவுட' கற்களைச் சூடாக்கி நீலக்கல்லாக மாற்றினார்கள். நல்ல நீலம் சந்தையில் பெருகியது. அதன் பிறகே, சூடு காட்டாத கல்லுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. பொருளின் அருமை இன்னொருவர் கையில் இருக்குமானால், அவர் அதை எந்த நாளிலும் பறித்துவிடலாம்.

ஆனால், சில மாற்றங்கள் திரும்பி வருவது கடினம். பெராரி, லம்போகினி ஆகிய இரண்டும் 2010களின் முற்பகுதியோடு மெனுவல் கியரைக் கைவிட்டன. பெராரி 599 ஜிடிபி காரில் மெனுவல் கியருடன் வந்தவை சுமார் 30 மட்டுமே. இன்று அவை அதே மாதிரியின் ஓட்டோ கியர்க் கார்களைவிடப் பல மடங்கு விலைக்குப் போகின்றன. டர்போ இல்லாத பெரிய எஞ்சின்களின் நிலையும் அவ்வாறே. போர்ஷே கரேரா ஜிடி 10 சிலிண்டர் எஞ்சினும் மெனுவல் கியரும் கொண்டது. 2003 முதல் 2006 வரை 1,270 தயாரானது. புதிதாக 440,000 டொலரளவு விற்ற அது, பல வருடங்கள் வாங்கிய விலைக்குக் கீழே கிடந்தது. இன்று ஒரு மில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது. ஜப்பானின் லெக்ஸஸ் எல்எப்ஏ 500 மட்டுமே தயாரானது. 2012 இல் உற்பத்தி முடிந்து ஐந்து வருடமாகியும் அமெரிக்க முகவர்களிடம் சில புதிய கார்கள் விற்காமல் நின்றன. இன்று அதுவும் மில்லியன் டொலர் அளவில் பேசப்படுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, ஏற்றம் வருவதற்கு முன்னர் பத்து வருடமளவு தேக்கம் இருந்தது என்பதாகும்.

இரண்டாவது, ஒரு தலைமுறை அந்தக் காரைச் சிறு வயதில் கனவு கண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் சுவரில் படம் ஒட்டியவர், ஐம்பது வயதில் காசு வந்ததும் அதைத் தேடுகிறார். நிசான் ஸ்கைலைன் ஜிடிஆர் 34 சிறந்த உதாரணம். 1999 முதல் 2002 வரை தயாரான இந்தக் காரை அமெரிக்க இளைஞர்கள் திரைப்படத்திலும் வீடியோ விளையாட்டிலும் மட்டுமே கண்டார்கள். தமது பாதுகாப்பு விதிகளுக்கு அமையாத காரை 25 வருடம் கழிந்த பின்னரே இறக்குமதி செய்ய அந்நாடு சுலபமாக அனுமதிக்கும். 2024 முதல் இந்தக் காருக்கு வாசல் திறந்தது. அதற்கு முன்னரே ஜப்பானில் விலை ஏறத் தொடங்கிவிட்டது. இதன் மறுபக்கமும் உண்டு. 1920கள், 1930களின் சாதாரண கார்களைச் சிறு வயதில் விரும்பியவர்கள் இன்று இல்லை. அவ்வகைக் கார்கள் பலவற்றின் விலை தேங்கி நிற்கிறது.

மூன்றாவது, திருத்தி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இங்குதான் இன்றைய கார்களுக்குப் பெரிய சோதனை. 1960களின் பெராரிக்கு ஒரு பாகம் கிடைக்காவிட்டால், கைத்திறனுள்ள தொழிலாளி இரும்பிலும் அலுமினியத்திலும் அதைச் செய்து கொடுப்பார். இன்றைய காரோ பல கணினிகளின் கூட்டு. மெக்லாரன் எப்1 காரைப் பராமரிக்க 1990களின் பழைய கொம்பாக் மடிக்கணினிகளை அந்தக் கம்பனி தேடி வைத்திருக்க வேண்டியிருந்தது என்ற செய்தி 2016 இல் வெளிவந்தது. இருபது மில்லியன் டொலர் காருக்கு அந்தச் செலவைச் செய்ய ஆள் இருக்கிறது. இரண்டு இலட்சம் டொலர் காரின் திரையும் மென்பொருளும் முப்பது வருடம் கழித்துப் பழுதானால் செய்வது யார்? மின்கலத்தோடு வரும் ஹைப்ரிட் கார்களில் மின்கலமே தனிச் செலவு. முழுமையான மின்சாரக் கார்களின் நிலை இன்னும் கடினம். குரோஷியாவின் ரிமாக் கம்பனி 150 மட்டும் தயாரிப்பதாக அறிவித்த நெவேரா என்ற அதிவேக மின்சாரக் காரே எதிர்பார்த்தபடி விற்கவில்லை. பெரும் பணக்காரர்கள் இந்த வகையில் மின்சாரக் காரை விரும்புவதில்லை என்று அதன் நிறுவனரே 2024 இல் வெளிப்படையாகச் சொன்னார்.

நான்காவது, கம்பனியே அடிக்கடி புதிய "விசேட" மாதிரிகளை வெளியிடாதிருக்க வேண்டும். இன்று ஸ்போர்ட்ஸ் கார்க் கம்பனிகள் வருடந்தோறும் ஏதாவதொரு மட்டுப்படுத்தப்பட்ட வெளியீட்டை அறிவிக்கின்றன. ஒவ்வொன்றும் முன்னையதை விட வேகமானது. 2011 இல் மெக்லாரன் கம்பனியின் 12சி சுமார் 168,000 பவுணுக்கு வந்தது. அடுத்தடுத்து வேறு மாதிரிகள் வந்ததும் பத்து வருடத்துக்குள் அதன் விலை பாதிக்கும் கீழே சென்றது. வேகம் என்பது எப்போதும் அடுத்த காரால் தோற்கடிக்கப்படும். அதனால், வேகத்துக்காக வாங்கும் கார் விலை ஏறுவது அரிது.

அடக்க விலையைப் பார்ப்போம்

இனி வியாபாரியின் கணக்குக்கு வருவோம். மருமகனிடம் ஒரு தாளை எடுத்து எழுதச் சொன்னேன்.

வாங்கும் விலை 9 இலட்சம் திர்ஹம். காப்புறுதி, குளிரூட்டிய தரிப்பிடம், வருடாந்தப் பராமரிப்பு, ஓடாவிட்டாலும் காலத்தோடு மாற்ற வேண்டிய டயர், பெற்றரி, எண்ணெய் எல்லாவற்றுக்கும் வருடத்துக்கு 25,000 என்று குறைத்தே வைப்போம். பத்து வருடத்துக்கு இரண்டரை இலட்சம். அவர்கள் ஆசைப்படுவது போல விலை இரண்டு மடங்காகி 18 இலட்சத்துக்கு விற்பதாக வைப்போம். ஏலத்தில் விற்றால் கட்டணம் உண்டு. பத்திரிகைகளில் வரும் ஏல விலை, வாங்குபவர் செலுத்தும் 10 முதல் 12 வீதக் கட்டணத்தையும் சேர்த்தது. அது விற்றவரின் கைக்கு வருவதில்லை. எனவே, 10 வீதம் கழித்தால் 16 இலட்சத்து 20 ஆயிரம். அதில் செலவு இரண்டரை இலட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 13 இலட்சத்து 70 ஆயிரம்.

இலாபம் 4 இலட்சத்து 70 ஆயிரம். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல். வருடத்துக்கு நாலேகால் வீதமளவு. விலை இரண்டு மடங்கானால்தான் இது! விலை ஏறாமல் அதே 9 இலட்சத்தில் நின்றால் மூவருக்கும் சேர்த்து 3 இலட்சத்து 40 ஆயிரம் நட்டம்.

"மெக்லாரன் எப்1 வாங்கியவர் எவ்வளவு உழைத்தார் மாமா?" என்று கேட்டார். அதையும் கணக்கிட்டோம். 540,000 பவுண் என்பது அன்றைய மாற்று விகிதப்படி எட்டு இலட்சத்துச் சொச்சம் டொலர். இருபத்தாறு, இருபத்தேழு வருடத்தில் 20.4 மில்லியன் என்பது வருடத்துக்கு 13 வீதத்தை ஒட்டி வருகிறது. செலவு வேறு. அதே காலத்தில் அமெரிக்காவின் 500 பெருங் கம்பனிகளின் பங்குச் சுட்டி, பங்கிலாபத்தோடு சேர்த்து 10 வீதத்தை ஒட்டி வளர்ந்திருக்கிறது. கார்களிலேயே மிகச் சிறந்ததைத் தெரிந்தெடுத்தவரின் நிலையே இதுவென்றால், மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

நமது அனுபவம் ஏமாற்றக் கூடாது

"எங்கட ஊரில் வாகனம் வைத்திருந்தவனெல்லாம் உழைத்தானே" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபா சரிந்து, 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360 வரை சென்றது. பழைய கார்கள் வாங்கிய விலையைவிட மேலாக விற்றன. ஆனால், ரூபாவில் ஏறிய அந்த விலையை டொலரில் கணக்கிட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? மேலும், அந்தத் தட்டுப்பாடு ஒரு வர்த்தமானி அறிவித்தலால் உண்டானது. 2025 பெப்ரவரியில் இன்னோர் அறிவித்தலால் தனியார் வாகனங்களுக்கு வாசல் திறந்தது. சட்டத்தால் வந்த அருமையும், பொருளில் உள்ள அருமையும் ஒன்றல்ல.

அப்படியானால் எவருமே வாங்கக் கூடாதா?

அவ்வாறு சொல்ல மாட்டேன். இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களிலும் சில நாளை அரும்பொருளாகும். டர்போ இல்லாத பெரிய எஞ்சின், மெனுவல் கியர், சில நூறு என்ற எண்ணிக்கை, முழுமையான பராமரிப்புப் பதிவு, மாற்றியமைக்காத அசல் நிலை ஆகிய அனைத்தும் சேர்ந்தவற்றுக்கு வாய்ப்புண்டு. இவை போன்ற கார்களைக் கம்பனிகள் எதிர்காலத்தில் குறைவாகவே தயாரிக்கும். ஆனால், அவற்றை வாங்க வேண்டியவர் யார்? அந்தக் காசு இருபது வருடம் முடங்கினாலும் கடைக்கும் வீட்டுக்கும் குறை வராதவர். விலை ஏறாவிட்டாலும் காரைப் பார்த்து மகிழக்கூடியவர். தொழிலின் முதலைத் தூக்கிப் போடுபவர் அல்ல.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. புதிதாக வாங்கி உடனே விற்கும் வழியையும் சில கம்பனிகள் அடைத்துவிட்டன. போர்ட் கம்பனி தனது ஜிடி காரை இரண்டு வருடத்துக்கு விற்கக் கூடாதென்று ஒப்பந்தம் செய்தது. அதை மீறியதாக 2017 இல் நடிகர் ஜோன் சீனா மீது வழக்குத் தொடர்ந்தது. அடுத்த வருடம் அது சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் காசு கொடுப்பவர் எந்த வியாபாரத்திலும் அகப்பட்டுக்கொள்வார்.

மருமகனிடம் மூன்று கேள்விகளை விற்பவரிடம் கேட்கச் சொன்னேன். இந்தக் காரை ஐந்து வருடமாக உலகச் சந்தையில் எத்தனை பேர், என்ன விலைக்கு வாங்கினார்கள்? இதன் கணினிப் பாகங்களைக் கம்பனி எத்தனை வருடம் வழங்கும்? மூவரில் ஒருவருக்கு அவசரத்துக்குக் காசு தேவைப்பட்டால், அவரது பங்கை யார், என்ன விலைக்கு எடுப்பார்கள்?

கடந்த வெள்ளிக்கிழமை மீண்டும் அழைத்தார். முதல் கேள்விக்கு, கேட்ட விலைகளின் பட்டியலொன்றைக் காட்டினார்களாம். விற்ற விலை ஒன்றுகூட அதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் கிடைக்கவில்லை. மூன்றாவது கேள்வியை நண்பர்களிடம் கேட்டபோது மூவருக்குள்ளும் சிறு மனக்கசப்பு வந்துவிட்டதாம். "முற்பணம் கொடுக்கவில்லை மாமா. ஆனால், அந்தக் கார் கண்ணுக்குள்ளேயே நிற்குது" என்றார்.

அதில் தவறில்லை என்று சொன்னேன். நானும் வாங்க முடியாத எத்தனையோ கற்களைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பேருவளையில் பார்த்து வைத்த கடை அறையின் சொந்தக்காரர் இன்னும் வேறு எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதையும் மருமகனிடம் சொல்லி வைத்தேன். முடிவு அவருடையது.